வீடு காட்டப் போன இடத்தில் மாவு புளித்த கதை

போன மாதம் ஆபீசில் எனக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். இலை போட்டு, பிரியாணி வைத்து, முதல் கவளம் எடுக்கிற நேரத்தில் ஒரு போன் ஊளையிட ஆரம்பித்தது. அடுத்த நொடியே எல்லோருடைய போன்களும் சேர்ந்து அலறின. புதிதாக எங்கள் எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிற பாதுகாப்பு ஆப்தான். வாங்க வருகிறவர்களுக்கு வீடு காட்டப் போன இடத்தில் ஆபத்து என்றால் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். சத்தமும் போடும், நாம் நிற்கிற இடத்தையும் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். எங்கள் ஆபீஸ் சுமதி தன் போன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். அது தெரியாமல், "யாருக்கு இன்னா ஆச்சி, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அலறல் அடங்கிய பிறகு சுமதி கேட்டாள்: "ஏங்க்கா, இந்த பட்டன் எல்லாம் இல்லாதப்ப எப்டிக்கா தனியா போயி வூடு காட்டிட்டு வந்தீங்க?"

பிரியாணி ஆறிவிடும் என்பதால் அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது வீட்டில் நேரம் நிறைய இருக்கிறது, எழுதுகிறேன்.

நான் முதலில் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. ஒருநாள், கைக்குட்டை வாங்க வந்த ஓர் அம்மாவிடம் நான் பட்டுப்புடவையை விற்று அனுப்பியதைப் பக்கத்தில் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா போனதும் என்னிடம் வந்து, "உன் பேரு இன்னாம்மா?" என்றார்.

"தனலட்சுமிங்க."

"பொடவைய வுடு தனம். வூடு விக்க வரியா?"

அவர்தான் மெகருன்னிசா. எங்களுக்கு மேகரக்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் கடை மாடியில் மேகரக்கா வீடு, மனை விற்றுக் கொடுக்கிற ஆபீஸ் நடத்தினார். நான் போய்ச் சேர்ந்தேன். பட்டா என்றால் என்ன, வில்லங்கம் எப்படிப் பார்ப்பது, எந்த மனையில் மழைத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் ஓரிரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய வெயில், நிறைய மோர், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது மேகரக்காவைப் பற்றி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. நான் எங்காவது வீடு காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடிப்பார். "வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்று கேட்பார். "ரோட்டப் பாத்துதாங்க்கா" என்றால் வைத்துவிடுவார். அதற்காக மட்டும் ஒரு போன்.

எங்களைப் பழக்குவதற்காக, விற்காமல் கிடக்கிற காலி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவர்தான் வாங்க வந்தவர், நான் காட்டுகிறவள். குரலை ஆம்பளைக் குரலாக்கிக்கொண்டு, "ஏம்மா, அந்த ரூமுல செவுரு ஊறியிருக்குதா பாரு" என்பார். நான் பார்க்கப் போனால் வெளியே தாழ்ப்பாள் விழும். டீ நேரம் வருகிற வரைக்கும் நான் உள்ளேதான். முதல் வாரத்தில் சமையலறையில் ஒரு தடவை, பாத்ரூமில் ஒரு தடவை, மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற பொந்தில் ஒரு தடவை அடைபட்டேன். பொந்தில் எப்படி நுழைந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. "பல்லி முட்ட வுட்டிருக்குது பாரு" என்றார், நான் நம்பிக் குனிந்தேன்.

அப்படி மண்டையில் ஏறியவைதான் எங்கள் விதிகள் எல்லாம். வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஆபீசுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் வீடு பார்க்க வேண்டும். அவருடைய காரில் நான் ஏறக் கூடாது. என் ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். முதலில் போய்க் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட வேண்டும். கேட்டால், "காத்தாடட்டுங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் அவர் முன்னால், நான் பின்னால். எந்த அறைக்குள்ளும் நான் நுழைவதில்லை. வாசற்படியில் நின்றபடியே, "எடது பக்கம் அலமாரி, மேல பரண்" என்று சொல்லிவிடுவேன். கழுத்தில் கவரிங். காலில் பின்வார் வைத்த செருப்பு, அவசரத்துக்கு ஓட. குடிக்கத் தண்ணீர் என் பாட்டிலில். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நான் வந்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போதும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஆபத்து என்றால் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல ஒரு வார்த்தை. "அக்கா, மாவு புளிச்சிடுச்சி." எதிரில் நிற்கிறவனுக்கு ஏதோ வீட்டுப் பேச்சு என்று தோன்றும். மேகரக்காவுக்கு விஷயம் புரிந்துவிடும்.

அந்த வார்த்தை ஒருநாள் தானாகவே வெடித்தது. வடக்கனந்தலில் ஒரு வீடு. திருக்கோவிலூரிலிருந்து ரிடையரான வாத்தியாரும் அவருடைய மனைவியும் வந்திருந்தார்கள். சாது ஜனங்கள். சார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னிடம் சமையல் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேகரக்கா போன். வழக்கம்போல வண்டி விசாரிக்கத்தான். நான் போனை எடுத்துக் காதில் வைப்பதற்குள் அந்த அம்மா, "இந்த வெயிலுக்கு அரைச்சி வெச்சா தாங்குதா?" என்று கேட்டுவிட்டார். நானும், "எங்க வூட்லயும் மாவு புளிச்சிடுச்சிங்க" என்றேன். போன் கட்டாகிவிட்டது. டவர் இல்லை போலிருக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி வந்து வாசலில் கிறீச்சென்று நின்றது. பின்னாலிருந்து இரும்புக்கடை லோடுமேன்கள் குதித்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை, ஒருவர் கையில் புது மண்வெட்டி, விலைச் சீட்டு கூடக் கிழிக்கவில்லை. ஒருவர் அவசரத்தில் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் மேகரக்கா.

வாத்தியார் தட்டுவதை நிறுத்திவிட்டு, "இவங்கள்லாம் யாரு?" என்றார்.

மேகரக்கா உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். கொண்டு வந்த சுண்டலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை. "மராமத்து வேலைக்கு ஆளுங்க. வூடு உங்களுக்குப் புடிச்சிருந்தா இப்பவே ஆரம்பிச்சிடலாமேன்னு கூட்டியாந்தேன்" என்றார்.

சுண்டல் எல்லோருக்கும் பங்கு போடப்பட்டது. திரும்பும்போது குட்டியானையின் பின்னால் லோடுமேன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன், வெட்கத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆபீசில் போய், "வேற வார்த்த மாத்திடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? அது வேல செய்யுதுன்னு இப்பதான் தெரிஞ்சிருக்குது" என்றார்.

அந்தத் தம்பதி வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். மராமத்தும் அந்த லோடுமேன்கள்தான் செய்தார்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னால் மறக்க முடியாதது. கள்ளக்குறிச்சி மாவட்டமாகி, மனை விலை துள்ளிக் குதித்துக்கொண்டிருந்த சமயம். வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன்மலை அடிவாரத்தில் ஒரு மாடி வீடு விற்பனைக்கு வந்தது. சுற்றி மாமரங்கள். அந்தப் பக்கம் முழுக்க மரவள்ளிக் கொல்லை. சொந்தக்காரர் சென்னையில், சாவி எங்களிடம்.

பிரபாகர் என்று ஒருவர் மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். டீ குடித்தார்கள். அட்டையைக் காட்டினார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பாக்கற மாதிரி பாத்துக் குடுங்க அக்கா" என்றாள். மறுநாள் முற்பகல் நேரே அந்த இடத்துக்கே வருவதாகச் சொன்னார்கள். பெண் ஒருத்தி கூட வருகிறாள் என்பதில் எனக்கும் நிம்மதி, மேகரக்காவுக்கும் நிம்மதி.

நான் முன்னாலேயே போய் ஸ்கூட்டரை வெளியே நிறுத்தினேன். பக்கத்துக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரமாகப் போய், "வூடு காட்ட வந்திருக்கேன். போறப்ப சொல்லிட்டுப் போறேன்" என்றேன்.

அவர்களில் வாட்டசாட்டமான ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். பெயர் அஞ்சலை என்று அப்புறம் தெரிந்தது. "எங்ககிட்ட எதுக்கும்மா சொல்ற? நாங்க இன்னா வாங்கிக்கவா போறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

கார் வந்தது. பிரபாகர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது மனைவி இல்லை, வேறு ஒரு ஆள்.

"வீட்ல வரலீங்களா?"

"தலைவலி. இவரு என் மச்சான்."

காரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அந்த மச்சான் வீட்டைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான், ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். வீடு வாங்க வருகிறவன் முதலில் தண்ணீர் கேட்பான், பாதை கேட்பான், பக்கத்து நிலம் யாருடையது என்று கேட்பான். பிரபாகர் கேட்டது, "நீங்க மட்டும்தான் வந்தீங்களா?"



"ஓனரு வந்துக்கினு இருக்காருங்க. நீங்க உள்ள போயிப் பாருங்க" என்று சொல்லி அவர்களை முன்னால் விட்டேன். நான் வெளிப்படியிலேயே நின்றேன். போனை எடுத்தேன். டவர் ஒரு கோடு கூட இல்லை. இருந்தாலும் காதில் வைத்துக்கொண்டு உரக்கப் பேசினேன். "அக்கா, மாவு புளிச்சிடுச்சி. ஆமாங்க்கா, ரொம்பப் புளிச்சிடுச்சி."

அதுவரை வாயே திறக்காத அந்த மச்சான் உள்ளிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இங்க டவரே கெடையாதே."

மெதுவாகத்தான் சொன்னான். 

"மேடம், உள் ரூம் கதவு தெறக்க மாட்டேங்குது. வந்து தெறந்து குடுங்க" என்று பிரபாகர் கூப்பிட்டார். நான் எல்லாக் கதவையும் திறந்து, சாவியைக் கதவிலேயே விட்டு வைத்திருந்தேன். அதை யாரோ சாத்தினால்தான் உண்டு.

"சாவிய எடது பக்கம் திருப்புங்க" என்றேன்.

"வரல மேடம். நீங்களே வாங்க." சாவியை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார். மச்சானை உள்ளே காணோம். கொல்லைக் கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றான்.

அந்த நேரத்தில் அலறினால் என் குரல் வெளியே வராது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வியாபாரக் குரல் வரும். துணிக்கடையிலிருந்து அதுதானே என் சோறு. வேலியைப் பார்த்துத் திரும்பி, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"அஞ்சலக்கா! எல்லாரும் தண்ணி குடிக்க வாங்க! சாரு மோட்டரு போட்டுக் காட்டச் சொல்றாரு!"

 அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டதில் 'அஞ்சல' என்று ஒரு பெயர் காதில் விழுந்திருந்தது. யாருடைய பெயர் என்றுதான் தெரியாது. கொல்லையில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்புறம் அந்த வாட்டசாட்டமான பெண்ணின் குரல்: "நாந்தாம்மா அஞ்சல! இதோ வந்துக்கினே இருக்கோம்!"

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கையில் கிழங்கு தோண்டுகிற கடப்பாரை, மண்வெட்டி, தலையில் முண்டாசு, கால் முழுக்கச் செம்மண். குழாயடியில் தண்ணீர் குடித்தார்கள். முகம் கழுவினார்கள். பிறகு போகவில்லை. வாசல் முழுக்கக் காலை நீட்டிக் குந்திவிட்டார்கள். அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்கையை ஒருமுறை அழுத்தினாள். அவ்வளவுதான். அவள் காரைப் பார்த்திருந்தாள், என் முகத்தையும் பார்த்திருந்தாள்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று பிரபாகரைக் கேட்டாள்.

"சே... சேலம்."

"சேலத்துல எங்க? எங்க சின்ன மாமியாரு அங்கதான் இருக்குது."

"அது... பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"எந்த பஸ் ஸ்டாண்டு? பழசா, புதுசா?"

இன்னொருத்தி, "பொண்டாட்டிய கூட்டிக்கினு வராம வூடு பாக்க வந்தா எப்டிங்க? சமைக்கறது அவங்கதான?" என்றாள். மற்றொருத்தி அவித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கைத் தூக்குவாளியிலிருந்து எடுத்து மச்சான் கையில் திணித்தாள். "சாப்புடுங்க, சாப்புடுங்க. கூச்சப்படாதீங்க." அவன் கடப்பாரைகளைப் பார்த்துக்கொண்டே மென்றான். வீடு வாங்க வந்தவன் என்று சொல்லிவிட்ட பிறகு பிரபாகரால் ஓடவும் முடியவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மாமரம் காய்க்குமா என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

கடைசியில், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று இருவரும் எழுந்து காரில் ஏறினார்கள். ஏறிய வேகத்தில் பின்னுக்கு எடுத்தார்கள். பின்சக்கரம் வாசலுக்கு முன்னால் இருந்த தரைப்பாலத்தைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது.

"தள்ளி வுடுங்கம்மா" என்று பிரபாகர் கெஞ்சினார்.

"தள்றோம், தள்றோம். வெத்தல போட்டுக்கினு தள்றோம்" என்றாள் அஞ்சலை. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ரோட்டைப் பார்த்தே நின்றதால் ஏறியதும் பறந்தேன். வழியில் அணைக்குப் பாதை பிரிகிற முனையில் டவர் வந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொன்னேன். பிறகு மேகரக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, மாவு" என்றேன்.  "எங்க இருக்கிறன்னு மட்டும் சொல்லு தனம்" என்றார்.

நான் திரும்பிப் போனபோது அவர்கள் இன்னும் வெற்றிலைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் காரின் நிழலில், கடப்பாரை வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் வந்தது. கார் நம்பர் பொய், அட்டையும் பொய். வேறு ஜில்லாவில் என்னைப் போல வீடு காட்டப் போன ஒரு பெண்ணை இதேபோல் உள் அறைக்குக் கூப்பிட்டு, நகையைப் பறித்து, கையைக் கட்டி, கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள்தான் யாரோ கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தார்களாம். மனைவியாக வந்தவள் பிறகு மாட்டினாள். இன்ஸ்பெக்டர் இதைச் சொல்லி முடித்ததும் என்னை அஞ்சலை பிடித்து உட்கார வைத்தாள். அவள் மடியில் கொஞ்ச நேரம் தலையை வைத்துக்கொண்டேன்.

குட்டியானை வந்தது. மேகரக்கா இறங்கி நேரே என்னிடம் வந்து, என் கை, கால், முகம் எல்லாவற்றையும் சாமான் சரிபார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார்.  ஜீப் கிளம்பிப் போனது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அந்தாளு கெழங்க தோலோட முழுங்கனான்" என்றாள் ஒருத்தி.

அதோடு சரி. ஒருத்தி சிரித்தாள், அடுத்தவள் சிரித்தாள், மண்ணில் புரண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்கும், யாராவது "பழைய பஸ் ஸ்டாண்டா, புதுசா?" என்பாள், மறுபடியும் ஆரம்பிக்கும். எனக்கு வயிறு வலித்தது. உயிரோடு இருப்பது அவ்வளவு லேசாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேப்பங்குச்சியால் ஒரு தட்டுத் தட்டினால் பறந்துவிடுவேன் போலிருந்தது.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, வூட்டக் காட்டு" என்றாள்.

"இன்னாது?"

"வருசா வருசம் இந்தக் கொல்லையிலதான் வேல செய்றோம். இந்த வூட்டுக்குள்ள ஒரு நாளும் போனதில்ல. திருடனுக்குக் காட்டின, எங்களுக்குக் காட்டு."

மேகரக்காவைப் பார்த்தேன். தலையாட்டினார். கூடம், சமையலறை, உள் அறை என்று எல்லாவற்றையும் காட்டினேன். இது என் ரூம், அது உன் ரூம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி பாத்ரூமில் ஷவரைத் திறந்து தலையோடு நனைந்துவிட்டு, அப்படியே படியேறி வந்தாள். மொட்டை மாடிக்குப் போனோம். எதிரே மலை நீலமாக எழுந்து நின்றது. கீழே மரவள்ளிக் கொல்லை விரிந்து கிடந்தது.

அஞ்சலை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகு நேரம் பார்த்தாள். "நாம குனிஞ்சிக்கினு கெடக்கற எடம் மேலயிருந்து இவ்ளோ நல்லா கீதே" என்றாள்.

அப்போது கீழே கொல்லை மேஸ்திரி வந்தார். வரப்பில் நின்று, "ஏ அஞ்சல! எங்க போய்த் தொலஞ்சீங்க எல்லாரும்?" என்று கத்தினார். கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். கிழங்குக் குவியலைச் சுற்றி வந்தார்.

அவ்வளவு பேரும் சடாரென்று கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தினோம். வாயைப் பொத்தியும் தோள்கள் குலுங்கின. எனக்குப் பக்கத்தில் மேகரக்கா மண்டி போட்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் தொடையை நறுக்கென்று கிள்ளி, "சிரிக்காதடி, பாத்துடப் போறான்" என்றார்.